கத்தரிக்கோல் நிற்கிறது, காகிதம் திரும்புகிறது
பினோத் பிஹாரி முகர்ஜியின் காகித கொலாஜ்களை முன்வைத்து

1

போன மாதம் ஒரு நண்பனுக்கு வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினேன். ஓவியர் பெயர் போடவில்லை. வருடம் போடவில்லை. வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டிய ஓர் உருவம், அவ்வளவுதான். அவன் திண்டுக்கல்லில் ஃபிளெக்ஸ் டிசைன் பண்ணுகிறவன். காதுகுத்து, கல்யாணம், கட்சி மாநாடு எல்லாவற்றுக்கும் நாள் முழுக்க உருவங்களை வெட்டி ஒட்டுவதுதான் பிழைப்பு. அதனால் இந்த விஷயத்தில் அவனுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

உடனே பதில் வந்தது. “யாருடா இது, எல்கேஜி பையன் பண்ணதா?”

“பண்ணும்போது அவருக்கு ஐம்பது தாண்டிருச்சு. ரெண்டு கண்ணும் தெரியாது” என்று அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “ஐயோ, சாரிடா. செம்ம. பெரிய மனுஷன்.” கூடவே இரண்டு கும்பிடு.

இரண்டு பதிலுக்கும் நடுவில் நான்கு நிமிடம்கூட இருக்காது. அந்த நான்கு நிமிடத்தில் படத்தில் ஒரு தாளும் இடம் மாறவில்லை. எல்கேஜி பையன் பெரிய மனுஷனாக மாறியது எங்கே என்று யோசித்தால், படத்தில் எங்கேயும் இல்லை. நான் அனுப்பிய அந்த ஒரு வரியில் இருக்கிறது. நண்பனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. முதன்முதலில் இந்தப் படங்களைப் பார்த்தபோது நானும் இதையேதான் செய்தேன். பார்வையற்ற ஒருவர் செய்தது என்று தெரிந்த பிறகுதான் நின்று பார்த்தேன். நின்று பார்த்தது படத்தையா, அந்தச் செய்தியையா என்ற சந்தேகம் அன்றிலிருந்து கூடவே வருகிறது.

பினோத் பிஹாரி முகர்ஜியைப் பற்றிப் பேசும்போது இந்தச் சந்தேகத்தைத் தாண்டாமல் ஓர் அடிகூட வைக்க முடியாது. இரக்கம் ஒரு படைப்பாளிக்கு நாம் செய்யக்கூடிய ஆகப்பெரிய அவமரியாதை. அவர் செய்ததை அது பார்ப்பதில்லை. அவருக்கு நேர்ந்ததைத்தான் பார்க்கிறது. இந்தக் கட்டுரை அவர் செய்ததைப் பார்க்க ஒரு முயற்சி.

2

1904 பிப்ரவரி 7 அன்று கல்கத்தாவின் பெஹாலாவில் பிறந்தார். பிறக்கும்போதே ஒரு கண்ணில் பார்வை இல்லை; இன்னொன்றில் கடுமையான கிட்டப்பார்வை. இந்தப் பிரச்னையால் ஒழுங்கான பள்ளிப் படிப்பு அமையாமல் சாந்திநிகேதனுக்கு வந்தார். 1919இல் தொடங்கிய கலா பவனின் ஆரம்பகால மாணவர்களில் ஒருவரானார். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இந்தப் பையன் ஓவியம் படிக்க முடியுமா என்று ஆசிரியர் நந்தலால் போஸுக்குத் தயக்கம் இருந்தது. ஆர்வமாக வருகிறான் என்றால் தடுக்க வேண்டாம் என்பது தாகூரின் நிலை. 1925இல் அதே கலா பவனில் ஆசிரியரானார். 1937-38இல் ஜப்பான் போனார். அங்கே பார்த்த சுருள் ஓவியங்களின் தாக்கம் கடைசி வரை இருந்தது.

1957 வரைக்குமான அவருடைய படங்களை ஏதோ பிற்காலத்துக்கான முன்கதை போலச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கொலாஜைப் புரிந்துகொள்ள வேண்டிய சாவியே அங்கேதான் கிடக்கிறது.

அவர் எப்படிப் பார்த்தார் என்று யோசியுங்கள். ஒற்றைக்கண்காரருக்கு ஆழம் தெரிவது குறைவு; எது முன்னே, எது பின்னே என்பது ஒரு கணக்குத்தான். கிட்டப்பார்வைக்காரருக்குத் தூரம் என்பது கலங்கல். தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தால்தான் கோடு தெரியும். அப்படிப் பிடிக்கும்போது மொத்தப் படமும் தெரியாது, ஒரு துண்டுதான் தெரியும். ஒரு துண்டு பார்த்து, நகர்ந்து, அடுத்த துண்டு பார்த்து, முதல் துண்டை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு இரண்டையும் சேர்ப்பது. பீர்பூம் மாவட்டத்தின் செம்மண் மேடுகளையும் பனைமரங்களையும் அவர் வரைந்த நீளமான சுருள்கள் இந்தப் பார்வைக்கு ரொம்பப் பொருத்தமான வடிவம். சுருளை யாரும் ஒரே நேரத்தில் முழுசாகப் பார்ப்பதில்லை. விரித்துக்கொண்டே, சுருட்டிக்கொண்டே போக வேண்டும்.

அடுத்தது சுவர்கள். 1940இல் கலா பவன் மாணவர் விடுதியின் உட்கூரையில் பீர்பூம் கிராம வாழ்க்கையை வரைந்தார். நடுவில் ஒரு குளம். அதைச் சுற்றி மரம், வீடு, மாடு, மனிதர் எல்லாம் நான்கு திசையிலும் விரிகிறார்கள். எங்கே நின்று பார்த்தாலும் பாதிப் பேர் தலைகீழாகத்தான் இருப்பார்கள். 1942இல் சீன பவனில் ஒரு சுவர். 1946-47இல் இந்தி பவனில் அவருடைய ஆகப்பெரிய படைப்பு: இடைக்கால பக்தர்களின் வாழ்க்கை. கபீர், சூர்தாஸ், துளசிதாஸ், குரு கோவிந்த் சிங் ஆகியோரோடு நம்மூர் ராமானுஜரும் இருக்கிறார். மூன்று சுவர்களில் ஓடும் ஓர் ஆறு மாதிரி மனிதக் கூட்டம்.

இந்தி பவன் சுவர் ஈரச்சுண்ணத்தில் வரையப்பட்டது. இந்த முறையில் ஒரு கறார் உண்டு. சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே நிறம் உள்ளே இறங்கிவிட வேண்டும். அதனால் அன்றன்றைக்கு முடிக்கக்கூடிய அளவுக்குத்தான் சுவரில் பூச முடியும். மறுநாள் பக்கத்தில் அடுத்த பூச்சு, முந்தைய நாளின் விளிம்பை ஒட்டி. அழிக்க முடியாது, திருத்த முடியாது. பிடிக்கவில்லை என்றால் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். சுவரின் அளவுக்கு முழு மாதிரிப்படம் போட்டு வைத்துக்கொள்ளாமல், சிறிய வரைவுகளை மட்டும் வைத்துக்கொண்டு அவர் இதைச் செய்தார். தள்ளி நின்று மொத்தமாகப் பார்க்கும் வசதி அவர் கண்ணுக்கு இல்லவே இல்லை.

இப்போது அந்தச் சுவரைக் கொலாஜ் என்று சொல்லிப் பாருங்கள். நாளொன்றுக்கு ஒரு துண்டு. துண்டுக்கும் துண்டுக்கும் விளிம்பு. திருத்த வழி இல்லை. மொத்தம் என்பது தலைக்குள் மட்டும். பார்வை போவதற்குப் பத்து வருடம் முன்பே அந்த மனிதர் ஒட்டிக்கொண்டுதான் இருந்தார்.

3

1949இல் சாந்திநிகேதனை விட்டுக் கிளம்பினார். காத்மாண்டுவில் நேபாள அரசு அருங்காட்சியகப் பொறுப்பு, பிறகு ராஜஸ்தானில் பனஸ்தலி, பிறகு முசூரியில் மனைவி லீலாவோடு சேர்ந்து ஒரு கலைப் பயிற்சிப் பள்ளி. லீலா சிற்பி. 1957இல் கண்புரை அறுவை சிகிச்சை தோற்றுப்போய், இருந்த ஒரு கண்ணும் போனது. அப்போது அவருக்கு 53 வயது. அடுத்த வருடமே சாந்திநிகேதனுக்குத் திரும்பிக் கலை வரலாறு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். 1980 நவம்பரில் இறக்கும் வரை இருபத்துமூன்று வருடம் பார்வை இல்லாமல் வேலை செய்தார். கோட்டோவியம், லித்தோகிராஃப், மெழுகில் சின்னச் சின்ன உருவங்கள், அப்புறம் காகிதம்.

ஏன் காகிதம்? இதற்குப் பெரிய தத்துவ விளக்கம் எதுவும் வேண்டாம். ஒரு பென்சில் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். போட்ட அடுத்த நொடி, பார்வையில்லாதவருக்கு அது காணாமல் போய்விடும். விரலால் தடவினால் தாள்தான் தட்டுப்படும், கோடு தட்டுப்படாது. ஆரம்பித்த இடத்துக்குத் திரும்பி வந்து மூட முடியுமா என்பது அதிர்ஷ்டம். ஆனால் கத்தரித்த தாள் அப்படியே கையில் இருக்கும். அதன் விளிம்பு ஒரு கோடு. அந்தக் கோட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் விரலால் படிக்கலாம். ஒரு தாள் மேல் இன்னொரு தாளை ஒட்டினால் ஒரு மேடு வரும். எது மேலே, எது கீழே என்பதை விரல் சொல்லிவிடும். பார்க்கிறவர்களுக்கு கொலாஜ் ஒரு தட்டையான படம். செய்த அவருக்கு அது ஒரு மிகமிக மெல்லிய சிற்பம்.

இதைப் புரிந்துகொள்ள ரொம்பத் தூரம் போக வேண்டாம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள சுவர்களில் சினிமா போஸ்டர் மேல் கண்ணீர் அஞ்சலி, அதன் மேல் கட்சி, அதன் மேல் மறுபடி சினிமா. எங்கேயாவது கிழிந்த இடத்தில் கையை வைத்துப் பாருங்கள். அட்டை மாதிரி தடிப்பு ஏறியிருக்கும். கண் கடைசிப் போஸ்டரைத்தான் படிக்கும், கை எல்லாவற்றையும் படிக்கும்.

நான் ஒரு காரியம் செய்தேன். கடையில் நாலு கலர் கிளேஸ் பேப்பர் வாங்கி வந்து, கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஓர் உட்கார்ந்திருக்கும் உருவத்தை வெட்டப் பார்த்தேன். பத்து நிமிடம் கண்ணைக் கட்டிக்கொள்வது பார்வையின்மை ஆகாது, அது தெரியும். கத்தரிக்கோல் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள மட்டும்தான்.

முதலில் தெரிந்தது: வளைவை வெட்டும்போது கத்தரிக்கோல் வளைவதில்லை. வலது கை ஒரே இடத்தில் நிற்கிறது, திறந்து மூடுகிறது. இடது கைதான் தாளைத் திருப்புகிறது. அதாவது தோளின் வளைவை வரைவது கத்தரிக்கோல் பிடித்த கை கிடையாது, தாள் பிடித்த கை. கண் திறந்திருக்கும்போது இது எனக்குத் தெரிந்ததே இல்லை. இரண்டாவது: சின்ன விஷயங்கள் எதுவும் நடக்காது. மூக்கு, விரல், காது எல்லாம் போய்விடும். மூன்றாவது: வெட்டிய துண்டைவிட மிச்சம் விழுந்த தாள் அதிகம் பேசும். அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுச் சுற்றினால்தான் என்ன வெட்டினேன் என்றே புரிந்தது. நான் வெட்டிய உருவம் ஒரு கிழங்கு மாதிரி இருந்தது. கட்டைவிரலில் ஒரு கீறல் மிச்சம்.

அதற்குப் பிறகு அவருடைய ‘படுத்திருக்கும் மனிதன்’, ‘பழத்துடன் பெண்’ போன்ற 1957ஆம் வருடப் படங்களைத் திரும்பப் பார்த்தேன். முதலில் எல்கேஜி வேலையாகத் தெரிந்த எளிமை இப்போது வேறு மாதிரி தெரிந்தது. ஓர் உடம்பு படுத்திருக்கிறது என்று சொல்ல எத்தனை வளைவு போதும் என்று முடிவெடுத்து, அதற்கு மேல் ஒன்றுகூட வெட்டாமல் நிறுத்தியிருக்கிறார். குழந்தைக்கு நிறுத்தத் தெரியாது. பொட்டு வைக்கும், வளையல் போடும், சூரியன் வரையும். இவர் நிறுத்துகிறார். நாற்பது வருடம் உடம்புகளை வரைந்த கை எங்கே பாரம் விழும், எங்கே முட்டி மடங்கும், எது இருந்தால் ஆள் சரிந்து விழாமல் உட்கார்ந்திருப்பார் என்பதை அறிந்திருக்கிறது.

நிறம் பற்றி ஒரு நியாயமான கேள்வி வரும். எந்தத் தாள் என்ன நிறம் என்பதைப் பக்கத்தில் இருப்பவர் யாராவது சொல்லியாக வேண்டும். அப்படியென்றால் நிறத் தேர்வு அவருடையதா? எனக்குத் தோன்றுவது இது: அவருக்கு நிறம் அப்போது ஒரு சொல்லாகிவிட்டது. ‘சிவப்பு’ என்று எழுதும் கவிஞன் கண்முன்னே சிவப்பு இருப்பதில்லை. ஆனால் அதன் பக்கத்தில் ‘சாம்பல்’ என்று வைத்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். ஐம்பது வருடம் நிறங்களோடு வாழ்ந்தவர் அப்படித்தான் ஒரு தாள் பக்கத்தில் இன்னொரு தாளை வைத்திருக்க வேண்டும். அது தவறிப்போகும் படங்களும் உண்டு. துண்டுகள் அதிகமாகி, நிறங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்போது படம் வெறும் அலங்காரமாகிவிடுகிறது. துண்டுகள் குறையக் குறையத்தான் அவர் வலுவாக இருக்கிறார். இதைச் சொல்வதும் மரியாதைதான் என்று நினைக்கிறேன். எல்லாமே அற்புதம் என்று சொன்னால் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

4

இவை அரூப ஓவியங்களா? கறாராகச் சொன்னால் இல்லை. மனிதர் இருக்கிறார், பழம் இருக்கிறது. ஆனால் முகம் இல்லாத, ஆழம் இல்லாத, நிழல் இல்லாத அந்த வடிவங்களை உருவம் என்று மட்டும் சொல்லி முடிக்கவும் முடியவில்லை. உருவத்துக்கும் அரூபத்துக்கும் நடுவில் இருக்கும் வரப்பில் அவர் நடக்கிறார்.

ஐரோப்பாவில் கொலாஜ் ஓவியத்துக்குள் வந்த கதை வேறு. 1912இல் பிராக், மரவரி அச்சடித்த சுவர்த்தாளை வெட்டித் தன் கோட்டோவியத்தில் ஒட்டினார். அதே வருடம் பிக்காஸோ, பிரம்புப் பின்னல் அச்சடித்த எண்ணெய்த்துணியை ஒட்டினார். வரைந்தது நிஜமா, ஒட்டியது நிஜமா என்று கண்ணைக் குழப்புவதுதான் அங்கே விளையாட்டு. கர்ட் ஷ்விட்டர்ஸ் தெருவில் கிடந்த டிராம் டிக்கெட், மிட்டாய்த் தாள், விளம்பரத் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கி ஒட்டினார். ‘கொமெர்ஸ்’ என்ற வார்த்தை கிழிந்து மிச்சமான ‘மெர்ட்ஸ்’ என்ற துண்டையே தன் மொத்தக் கலைக்கும் பெயராக வைத்துக்கொண்டார். போருக்குப் பிறகு உடைந்துபோன ஜெர்மனியின் குப்பை அது.

பினோத் பிஹாரியோடு எல்லோரும் ஒப்பிடுவது மத்தீஸை. ஒப்பீடு இயல்பானதுதான். 1941இல் பெரிய வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு மத்தீஸால் நெடுநேரம் நின்று வரைய முடியவில்லை. சக்கர நாற்காலியிலும் படுக்கையிலும் இருந்தபடி தாளை வெட்ட ஆரம்பித்தார். 1947இல் ‘ஜாஸ்’ புத்தகம் வந்தது. இரண்டு பேருமே உடம்பு தோற்ற இடத்தில் கத்தரிக்கோலை எடுத்தவர்கள். ஆனால் இங்கேயே ஒப்பீடு முடிந்துவிடுகிறது. மத்தீஸின் உதவியாளர்கள் அவர் சொன்ன நிறத்தில் தாள்களுக்கு வண்ணம் பூசினார்கள், அவர் வெட்டினார், அவர்கள் சுவரில் குண்டூசி குத்தி வைத்தார்கள், அவர் படுக்கையிலிருந்து பார்த்து, கொஞ்சம் மேலே, கொஞ்சம் இடது பக்கம் என்று நகர்த்தச் சொன்னார். மொத்தச் சுவரும் அவர் கண் முன்னால் இருந்தது. கண்தான் எஜமான். பினோத் பிஹாரியிடம் அந்த எஜமான் இல்லை. அவருடைய படம் எவ்வளவு பெரிதாக இருக்க முடியும் என்பதை அவர் கைகள் எட்டும் தூரம் தீர்மானித்தது.

அரூபம் என்றால் உலகத்தை விட்டு விலகுவது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பொருளிலிருந்து தொடங்கி, சுருக்கிச் சுருக்கி, கடைசியில் பொருள் இல்லாத இடத்துக்குப் போவது. இவர் எதிர்த் திசையில் வருகிறார். பொருள் ஏற்கனவே கைவிட்டுப் போன இருட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு விளிம்பாக வெட்டி வெட்டி, ஒரு மனிதனைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறார். பாதி வழியில் நிற்கும் அந்த மனிதனைத்தான் நாம் அரூபம் என்று அழைக்கிறோம்.

5

1972இல் சத்யஜித் ராய் இவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தின் பெயர் ‘தி இன்னர் ஐ’. அகக்கண். ராய் 1940இல் கலா பவனில் மாணவராகச் சேர்ந்தவர், அதாவது அந்த விடுதி உட்கூரை வரையப்பட்ட அதே வருடம். ஆசிரியர் மேல் மாணவனுக்கு இருந்த பிரியம் படம் முழுக்கத் தெரிகிறது. சாந்திநிகேதனில் ஓட்டுச் சுவரோவியம் ஒன்றுக்காக அவர் வேலை செய்வதை ராய் எந்தப் பரபரப்பும் இல்லாமல் காட்டுகிறார். காகிதத்தில் வெட்டிய உருவங்கள் பீங்கான் ஓட்டுக்கு மாறும் வேலை அது. கடைசியில் நிகில் பானர்ஜியின் சிதார். அருமையான படம், யூடியூபில் தேடிப் பாருங்கள். எனக்குப் பிரச்னை அந்தத் தலைப்போடு மட்டும்தான்.

அகக்கண் என்பது தமிழர்களுக்கு ரொம்பப் பழகிய சொல். பார்வையற்ற புலவர் என்றால் உடனே அகக்கண்ணால் கண்டார் என்று எழுதிவிடுவோம். அந்தகக்கவி வீரராகவ முதலியாரில் ஆரம்பித்து இன்று பட்டிமன்ற மேடை வரைக்கும் இது ஓடுகிறது. கேட்க மரியாதையாக இருக்கும். ஆனால் அது என்ன செய்கிறது பாருங்கள்: புறக்கண் போனவருக்கு ஒரு மாயக்கண்ணைக் கொடுத்து, கடைசியில் கண்ணையே ஜெயிக்க வைத்துவிடுகிறது. வேலை செய்த விரலுக்கு அதில் இடமே இல்லை.

இந்த அகம், புறம் வழக்குக்குத் திண்டுக்கல்லோடு ஒரு தொடர்பு இருக்கிறது. சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் உள்ள காந்திகிராமத்தை 1947இல் சௌந்தரம் அம்மாவோடு சேர்ந்து நிறுவியவர் ஜி. ராமச்சந்திரன். அவரும் 1904இல் பிறந்தவர். அவரும் 1920களில் சாந்திநிகேதனில் படித்தவர். 1924இல், மாணவராக இருந்தபோது, டெல்லியில் காந்தியைச் சந்தித்துக் கலையைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். அந்த உரையாடல் அதே வருடம் ‘யங் இந்தியா’வில் வெளிவந்து ரொம்பப் பிரபலமானது. காந்தியின் நிலை நமக்குத் தெரிந்ததுதான்: புறவடிவத்தைவிட உள்ளே இருப்பதே பெரிது, வெளிவடிவங்கள் இல்லாமலும் தன்னால் வாழ முடியும், சுவர் வெறுமையாக இருந்தாலும் பரவாயில்லை. சாந்திநிகேதன் மாணவருக்கு இந்தப் பதில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்ப்பேன். காந்திகிராமம் தொடங்கிய அதே 1947இல்தான், அங்கே சாந்திநிகேதனில், இவருடைய வயதுக்காரர் ஒருவர் வெறுமையாக இருந்த மூன்று சுவர்களில் ராமானுஜரையும் கபீரையும் வரைந்து முடித்தார். பத்து வருடம் கழித்து அந்த மனிதருக்கு எல்லாச் சுவரும் வெறுமையானது. அப்போதும் அவர் உள்ளே இருப்பது போதும் என்று உட்காரவில்லை. கத்தரிக்கோலை எடுத்து வெளியே ஒன்றைச் செய்தார். உள்ளே எவ்வளவு இருந்தாலும் அது ஒரு விளிம்பாக வெளியே வந்தால்தான் அவருக்கு நிம்மதி.

அதனால்தான் அகக்கண்ணைவிடத் திண்டுக்கல் பூட்டுக்காரர்தான் எனக்கு நல்ல உவமையாகப் படுகிறார். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்த மாங்காய்ப் பூட்டை இன்னும் கையால்தான் செய்கிறார்கள். உள்ளே இருக்கும் லீவர்கள் பூட்டு மூடிய பிறகு யாருக்கும் தெரியாது. சாவியை அரத்தில் ராவி, உள்ளே விட்டுத் திருப்பி, எங்கே இடிக்கிறது என்று விரலில் வாங்கி, மறுபடி ராவ வேண்டும். அந்தத் தொழிலாளிக்கு அகக்கண் இருக்கிறது என்று யாரும் பட்டம் கொடுப்பதில்லை. கைப்பழக்கம் என்கிறோம். அந்தச் சொல்லைக் கொஞ்சம் மட்டமாகச் சொல்லப் பழகிவிட்டோம், அதுதான் கோளாறு. பினோத் பிஹாரிக்கு இருந்ததும் கைப்பழக்கம்தான், அதன் உச்சமான நிலையில்.

அவரே இதை ரொம்பத் தெளிவாக வைத்திருந்தார். ‘சித்ரகர்’ என்ற தன்வரலாற்றிலும் மற்ற எழுத்துகளிலும் பார்வையின்மையை அவர் தண்டனையாகவோ வரமாகவோ எழுதவில்லை. மனிதன் இருக்கக்கூடிய இன்னொரு நிலை, இதுவரை தெரியாத புது அனுபவம் என்கிற மாதிரிதான் அதை அணுகினார். 1980இல் ரவீந்திர புரஸ்கார் விருது பெற்ற அந்த நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் அவருடைய மாணவர் கே.ஜி. சுப்ரமணியன்: கேரளத்தில் பிறந்த தமிழ்க் குடும்பத்துக்காரர், சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர், 1942 போராட்டத்தில் சிறை போய்விட்டு 1944இல் கலா பவனுக்கு வந்தவர். இந்தி பவன் சுவரில் ஆசிரியரோடு சேர்ந்து வேலை செய்தார். 1963இல் லக்னோ ரவீந்திராலயாவில் சுட்டமண் ஓடுகளால் அவர் செய்த பெரிய சுவரோவியம், இருட்டறையில் இருக்கும், யார் கண்ணுக்கும் தெரியாத அரசனைப் பற்றிய தாகூர் நாடகத்தைக் கருவாகக் கொண்டது.

மகள் மிருணாளினி முகர்ஜி சிற்பி. 1949இல் பிறந்தவர். உலோகத்தையும் கல்லையும் விட்டுவிட்டு சணல் கயிற்றில் முடிச்சுப் போட்டுப் போட்டு, ஆளுயரத்துக்கு மேலான உருவங்களைச் செய்தார். அப்பாவின் வேலையிலிருந்து வந்தது என்று ஒரே வரியில் முடிச்சுப் போட்டுவிட எனக்கு விருப்பமில்லை. ஆனால் அப்பா துண்டு துண்டாகத் தாளைச் சேர்த்ததையும், மகள் முடிச்சு முடிச்சாகக் கயிற்றைச் சேர்த்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் தப்பில்லை. 1970களில் அதே சாந்திநிகேதனில் சோம்நாத் ஹோர் வெள்ளைக் காகிதக் கூழில் ‘காயங்கள்’ வரிசையைச் செய்தார். வெள்ளை மேல் வெள்ளை. பள்ளமும் மேடும் மட்டும்தான் படம். கண்ணை மட்டும் நம்பாத ஓர் ஓவிய மரபு அந்த ஊரில் இருந்திருக்கிறது.

6

இந்தக் கொலாஜ்கள் பரவலான பார்வைக்கு வந்தது தாமதமாகத்தான். 2006-07இல் டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் குலாம் முகமது ஷேக்கும் ஆர். சிவகுமாரும் சேர்ந்து நடத்திய நூற்றாண்டுக் கண்காட்சியில் முழு வாழ்க்கையும் ஒன்றாக வைக்கப்பட்டது. 2017இல் ‘டாக்குமென்டா 14’ வழியாக ஏதென்ஸுக்கும் காசலுக்கும் போனார்.

நாமோ பெரும்பாலும் போனில்தான் பார்க்கப்போகிறோம். இதில் ஒரு கொடுமை உண்டு. அவருக்கு எது தெரியாதோ அதை மட்டும் திரை நமக்குக் கொடுக்கிறது: நிறம், மொத்த அமைப்பு. அவருக்கு எது தெரியுமோ அதைத் திரை பிடுங்கிக்கொள்கிறது: விளிம்பு, மேடு, பசை காய்ந்த இடத்தின் சொரசொரப்பு. அவர் செய்த படத்தின் மறுபாதியைத்தான் நாம் பார்க்கிறோம்.

அதனால் ஒரு யோசனை. அடுத்த முறை அவர் படம் ஒன்று கண்ணில் பட்டால் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவை விட்டுவிடுங்கள். இரண்டு தாள் சந்திக்கும் இடத்துக்குப் போங்கள். அங்கே ஒரு மெல்லிய நிழல் இருக்கும், முடியளவு. ஒரு தாள் இன்னொன்றின் மேல் ஏறியிருப்பதன் அடையாளம். அந்த நிழல்தான் அவர் விரல் நின்ற இடம்.

நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, “சரி, திரும்ப அனுப்பு” என்றான். அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து வந்த பதிலில் கும்பிடு எதுவும் இல்லை. “அந்தக் கை இடுப்போட சேருற எடம் இருக்கில்ல, அங்க ரெண்டு பீஸா ஒரே பீஸா? ஒரே பீஸ்னா எப்படித் திருப்பினாரு?” என்று கேட்டிருந்தான்.

எனக்கும் தெரியவில்லை. சாயங்காலம் கடைக்கு வா, கிளேஸ் பேப்பர் இருக்கு, வெட்டிப் பார்க்கலாம் என்றான்.